தோளில் முகம் வைக்கும்வரை

மற்றவை மேய்ச்சல் வெளியில் இருக்க, பட்டியில் இருந்தது ஒரே ஒரு குதிரை. மதியம் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பியவனும் அவனேதான். சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டியின் அடி வறண்டு, சிமென்ட் வெளுத்துக் கிடந்தது. விரிசல் ஏதும் இல்லை. சுற்றிலும் தரையில் ஈரமும் இல்லை. "இது வயிறா கிணறா" என்று முணுமுணுத்துக் காறித் துப்பினான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. குதிரையைப் பற்றி யோசிப்பதே மூளைக்கு இழுக்கு என்று நினைக்கிறவன் அவன்.

யோசிப்பதெல்லாம் அக்காவின் வேலை. அடிபட்ட காட்டுக்குதிரைகளை எங்கெங்கிருந்தோ மீட்டுக் கொண்டுவந்து, புண்ணுக்கு மருந்து போட்டு, சாகும்வரை மேய விடுகிற புண்ணியவதி அவள். லீவு நாட்களில் அவளைப் பார்க்க ஒரு கூட்டம் வரும். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண் கலங்கும், படம் எடுத்துக்கொள்ளும், ஷூவில் சாணம் பட்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கார் ஏறும்.

காட்டுக்குதிரைகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிற கும்பலில் அவனுக்குப் பெயர் 'சுருக்கு'. அவன் வீசிய கயிறு தப்பியதே இல்லை. அக்காவுக்கு இது தெரியாது. தம்பி ஏதோ லாரி ஓட்டிப் பிழைத்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். கூட்டாளிகள் எல்லாரும் போலீஸில் மாட்டிக்கொள்ள, ஒளிய வேறு போக்கிடம் இல்லாமல் இங்கே வந்து கதவைத் தட்டினான். சோறு போட்டாள், படுக்க அறை கொடுத்தாள். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"இங்க வேலை செய்யற எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தம்பி. பட்டிக்குள்ள வாளியைக் கவுத்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உக்காரணும். திரும்பக் கூடாது, பேசக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. அதுவா வந்து உன் தோள்ல முகத்தை வெக்கணும். வெச்சா நீ இங்கயே இரு. வெக்கலைன்னா காலையில கிளம்பிடு."

"கூடப் பொறந்தவனை விட உனக்குக் குதிரை பெருசாப் போச்சாக்கா?"

"அதுங்க இதுவரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்லையே."

வெளியே போனால் ஜெயில். குதிரையிடம் நற்சான்றிதழ் வாங்கித்தான் பிழைக்க வேண்டும் என்றால் வாங்கித் தொலைக்க வேண்டியதுதான்.

அதிலும் அவள் கைகாட்டியது எந்தக் குதிரையை? கழுத்தைச் சுற்றி முடியே முளைக்காத வளையம் விழுந்த அந்தப் பெண்குதிரையை. வளையம் அவன் கயிறு போட்டது. போன கோடையில் ஒரு மந்தையையே மூடிய லாரிக்குள் அடைத்து, நடுவழியில் வெயிலில் நிறுத்திவிட்டுக் குடிக்கப் போனவன், அப்படியே தூங்கிப்போனான். ஒரு வாய் தண்ணீர் வைக்கவில்லை. மறுநாள் கதவைத் திறந்தபோது நின்றுகொண்டிருந்தது இது ஒன்றுதான். மற்றவை லாரியின் தகரத்தை நக்கி நக்கியே செத்திருந்தன. 'போச்சே, எல்லாம் வீணாப் போச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டதோடு அவனுடைய துக்கம் முடிந்தது. பிணங்களைப் பள்ளத்தில் தள்ளினான். இதையும் சாலையோரம் அவிழ்த்து விட்டுப் போனான். அது சுற்றிச் சுற்றி அக்காவிடம் வந்து சேரும் என்று யார் கண்டது. வந்தால்தான் என்ன, மிருகத்துக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். இறங்கு வெயில் முதுகில் விழுந்தது. அவனுடைய நிழல் முன்னால் புழுதியில் நீண்டு கிடக்க, பின்வேலியோரம் நின்ற குதிரையின் நிழல் ஒரு பக்கமாக வந்து விழுந்திருந்தது. ஈக்களின் இரைச்சல், காய்ந்த புல்லின் வாசனை, எங்கோ தகரக் கூரை வெயில் தணிந்து முறுக்கிக்கொள்ளும் சத்தம். கொட்டாவி விட்டான். நாளைக்கு இந்த இடத்தில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

ஈக்களின் இரைச்சல் நின்றது. புல்வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு நாற்றம் மெல்லக் கிளம்பியது. சூடேறிய தகரமும் மூத்திரமும் கலந்த, மூடிய வண்டியின் புழுங்கல் நாற்றம். பின்னால் குளம்புகள் புழுதியை மிதிக்கும் சத்தம். ஓர் அடி. நின்று, இன்னோர் அடி. கழுத்தில் மூச்சு பட்டது.

வந்துட்டியா சனியனே, என்று உள்ளுக்குள் சிரித்தான். இவ்வளவுதான் உன் ரோஷமா? கயிறு போட்டவன் தோளிலேயே வந்து சாய்கிறாய், வெட்கங்கெட்ட ஜென்மமே.

வலது தோளில் ஒரு தாடை வந்து படிந்தது. கனமாக.

அப்போதுதான் தரையைப் பார்த்தான். குதிரையின் நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் வால் அசைந்தது. அது நகரவே இல்லை.

அவன் நிழலின் தோளில் எதுவும் இல்லை.

இடது தோளிலும் ஒன்று படிந்தது. பிறகு தலையில். முதுகில் ஒன்று முட்டியது. அதன் பின்னால் இன்னும் நெருக்கிக்கொண்டு நின்றன. மூச்சில் துளி ஈரம் இல்லை. அனல். எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

எதிரே வாசல் கம்பியைப் பிடித்தபடி அக்கா வந்து நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் ஊறவில்லை.

"இன்னும் அங்கயேதான் நிக்குதா" என்றாள் தாழ்ந்த குரலில். "பரவாயில்ல, அவசரப்படாத." அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "அழறியாடா? அழு தம்பி. நீ அழுது நான் பாத்ததே இல்ல. யாரும் இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன். விடிய விடிய ஆனாலும் சரி, உக்காந்திரு."

கொக்கியை மாட்டினாள். போய்விட்டாள்.

வேலியோரக் குதிரையின் நிழல் மெல்லத் திரும்பியது. தலையைத் தாழ்த்திப் புல்லை மேயத் தொடங்கியது.

கன்னத்தில் இறங்கிய கண்ணீரை ஒரு நாக்கு வழித்தெடுத்தது. மரப்பட்டையாய்க் காய்ந்த நாக்கு. மறு கன்னத்தில் இன்னொன்று. கழுத்து வேர்வைக்கு ஒன்று. பொறுமையாக. முறை வைத்து. தோல் காய்ந்துபோனது. அப்படியும் அவை விலகவில்லை.

கண்களை இறுக மூடினான்.

ஒரு நாக்கு இமையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, மெல்ல நெம்பித் திறந்தது. உள்ளே இன்னும் ஈரம் இருந்தது.