உப்பு ஒட்டாத லாரி

"பழைய கம்பளம்னா நாறத்தான் செய்யும். இது வேற நாத்தம்," என்றாள் டார்லா ஹூக்ஸ்ட்ரா. கொர்னீலியாவின் அலுவலகத்துக்குள் வந்தவள், பனி அப்பிய பூட்ஸைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

மிஷிகனில் வான்ரீஸ் கம்பளத் தொழிற்சாலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் பதினாறு வருடமாக இருப்பவள். கழித்துப்போட்ட கம்பளங்களைத் திரும்ப வாங்கி, அரைத்து, புதுக் கம்பளம் செய்கிறோம் என்று அந்த நிறுவனம் வருடாவருடம் பச்சை அட்டையில் அறிக்கை விடும். சிரிக்கும் குழந்தைப் படமும் உண்டு, பார்த்தாலே குமட்டும். இந்த வருடம் நாலாயிரம் டன் வந்ததாக எடைச்சீட்டுகள் சொல்லின. அரவைக்குப் போனதோ ஆயிரம் டன். கிடங்கும் காலி.

"நான்தான் பொய்ச்சீட்டு போட்டேன்னு துணைத்தலைவர் எழுதி வச்சிருக்கற காகிதத்துல நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். தந்தா வேலை போகும். தரலேன்னா போலீஸாம்."

இப்படிப்பட்ட அறிக்கைகளைச் சரிபார்ப்பதுதான் கொர்னீலியா டைக்ஹவுஸின் தொழில். அவள் அலட்டிக்கொள்ளாமல் காபியை டார்லா பக்கம் நகர்த்தினாள். உதவியாளர் வெண்டல், ஐம்பது வயதிலும் துள்ளுகிற ஆள், அதற்குள் கோட்டை மாட்டிவிட்டார்.

"என்ன நாத்தம்?" என்றாள் கொர்னீலியா.

"திங்கக்கிழமை ஒஹையோ ஹோட்டல் சரக்குல ஒரு ரக்கூன் செத்துக் கிடந்துது. முந்தாநாள் மினியாபொலிஸ் சரக்குலயும் அதே நாத்தம்."

"வெளியே போற வண்டியை எடை போடுவீங்களா?"

"எதுக்கு? காலி வண்டியோட எடை கதவுலயே எழுதியிருக்கு. உள்ள வர்றதைத்தான் அறிக்கையில கேக்கறாங்க."

"திருட்டேதான்!" என்றார் வெண்டல். "எவனோ மூட்டை மூட்டையா கடத்தறான்!"

"செத்த ரக்கூனையா, வெண்டல்?"

மதியம் மூவரும் எடைமேடைக்குப் போனார்கள். வழியில், பின்கேட்டுக்கு அப்பால், லாரித் தடங்கள் நிறைந்த பழைய சரளைக்கல் குழி ஒன்று தெரிந்தது. இரண்டு நாளாக விடாத பனி. நாலு மைல் ஓட்டி வந்த காரில் உரசி, வெண்டலின் கால்சட்டை முழுக்க, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. அவர் திட்டிக்கொண்டே தட்டிவிட்டார்.

ஒரு லாரி வந்து நின்றது. மினியாபொலிஸிலிருந்து அறுநூறு மைல் வந்ததாகக் காகிதம். கூரைமேல் ஓரடிப் பனி அலுங்காமல் கிடந்தது. சக்கர மறைப்புகள் கறுப்பாகப் பளபளத்தன. கொர்னீலியா அவற்றை விரலால் தடவிப் பார்த்தாள். டார்லா சீட்டு போட்டாள்: முப்பத்தாறு டன். லாரி உள்ளே போயிற்று.

அரைமணி கழித்து, துணைத்தலைவர் பிரெட் லானிங் அவர்களைத் தன் அறையில் உட்காரவைத்து உபதேசம் செய்தான். "மறுசுழற்சியில நாங்கதான் முன்னோடி. ஒரு எடைமேடைக்காரி செஞ்ச தப்புக்காக..."

"அறுநூறு மைல் நெடுஞ்சாலையில ஓடின லாரியில உப்பு ஒட்டலை," என்றாள் கொர்னீலியா. "வெண்டல் காரோ நாலு மைல்லயே வெளுத்துப் போச்சு. அந்த வேகத்துல கூரைப் பனியும் நிக்காது. ரெண்டு நாளா எங்கேயோ சும்மா நின்ன வண்டி அது."

"எங்கே?" என்று எழுந்தேவிட்டார் வெண்டல்.

"பின்கேட்டுக்கு அப்பால, சரளைக் குழியில. முன்கேட்டுல எடை, பின்கேட்டுல வெளியே, அப்புறம் புதுக் காகிதத்தோட மறுபடி முன்கேட்டு. போறதை யாரும் எடை போடறதில்ல. அந்த ரக்கூன் ஒஹையோவுல ஒரு தடவை, மினியாபொலிஸ்ல ஒரு தடவை செத்திருக்கு பாருங்க."

"சீ! என்ன பிழைப்புய்யா இது?" என்றார் வெண்டல்.

டார்லா எழுந்து ஜன்னலருகே போனாள். ஜன்னல் வழியே அதே லாரி பின்கேட்டை நோக்கி நகர்வது தெரிந்தது. அவள் ரேடியோவை எடுத்தாள். "அந்தக் காலி வண்டியை எடைமேடைக்கு விடுங்க."

எல்லோரும் எடைமேடைக்கு இறங்கி வந்தார்கள். பதினாறு வருடத்தில் முதல்முறையாக, வெளியே போகும் வண்டி எடைமேடை ஏறியது. முப்பத்தாறு டன். ஓட்டுநர் பின்கதவைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"டார்லா, அந்தச் சீட்டை எங்கிட்ட குடும்மா," என்றான் பிரெட், முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. "நாம பேசிக்கலாம்."

அவள் சீட்டைக் கிழித்துக் கொர்னீலியாவிடம் கொடுத்தாள். பிறகு, தன் கையெழுத்துக்காகக் காத்திருந்த வாக்குமூலத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, தன் பெயரை அடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"சரக்கு உங்களோடது, பிரெட். கையெழுத்தை நீங்களே போடுங்க."