அத்தை அறைக் குளிரைத் திருடியது யார்?

மதியம் ஒரு மணி. அத்தையின் அறையில் குளிரைக் காணோம்.

ஏசி ஓடியது, காற்றும் வந்தது. ஆனால் அந்தக் காற்றில் ஈரத் துணி காயப்போடலாம். நான்கு மணிக்கு அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். இடுப்பில் ஆபரேஷன், தையலில் வேர்வை படவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மெக்கானிக்கோ, "நாளன்னைக்குத்தான் மேடம்" என்று கையை விரித்துவிட்டார்.

மருமகள் குற்றப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர். லீவு போட்டாலும் கேஸ் விடமாட்டேன் என்கிறதே என்று அலுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?" என்றார் மாமா. "உன் புருஷன்தான் நேத்து ஃபில்டரைக் கழுவுறேன்னு எல்லாத்தையும் நோண்டினான்."

"அம்மா வர்றாங்களேன்னு கழுவினேன். அது ஒரு குத்தமா?" கணவனின் முகம் தொங்கிவிட்டது.

"போட்டதும் எப்படி இருந்துச்சு?"

"முதல்ல ஜில்லுன்னு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல வெறும் காத்து."

ரிமோட்டைப் பார்த்தாள். கூல் மோடில்தான் இருந்தது. ஃபில்டர் பளிச்சென்று, சரியாகவே மாட்டப்பட்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கணவன் மேல் பழி போட ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

ஏசியை அணைத்துச் சற்றுப் பொறுத்தாள். "நான் சொன்னதும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். வரிசையாகப் பெரிய சிமெண்ட் தொட்டிகள். அத்தையின் ரோஜா துளிர் விட்டிருந்தது. பின்னால் சுவரோரமாகப் பழைய அலமாரிக் கதவு ஒன்று, எப்போதும் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமானோடு சாமானாக.

"போடுங்க!"

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஏசியின் வெளி யூனிட் உறுமியது. ரோஜா இலை ஒன்றுகூட ஆடவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"அணைச்சிடுங்க. திருடன் கிடைச்சாச்சு. மாமா, கொஞ்சம் இங்க வாங்க."

"நானா? ஏசி பக்கமே நான் போகலையேம்மா!"

"ஏசி பக்கம் போகல. ரோஜா பக்கம் போனீங்க. அத்தை இல்லாதப்ப அதுக்குத் தண்ணி ஊத்துறது நீங்கதானே. யூனிட் ஓடினா அது ஊதுற அனல்ல இந்தச் செடி பேயாட்டம் ஆடணும். ஆடல. அந்தக் கதவை யூனிட் முகத்துல சாத்தி வச்சது யாரு? அனல் போக வழியில்லாம அது மூச்சு முட்டி நின்னுடுது. அதான் முதல்ல ஜில்லு, அப்புறம் வெறும் காத்து."

மாமா ரோஜாத் தொட்டியைக் காட்டினார். "அந்த அனல்லதாம்மா அவ ரோஜா கருகுது. தொட்டியை நகர்த்த எனக்குத் தெம்பில்ல. அதான் கதவை..."

கதவை எடுத்தார்கள். அப்பாவும் மகனும் மூச்சிரைக்கத் தொட்டியை அந்தப் பக்க மூலைக்குத் தள்ளினார்கள். ஏசி மறுபடி ஓடியது. இந்த முறை குளிர் நிலைத்து நின்றது.

நான்கு மணிக்கு அத்தை வந்தாள். அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மகன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? கதை முழுவதையும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"வருஷக்கணக்கா கத்தினேன், செடி கருகுதுன்னு," என்றாள் அத்தை. "நான் ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் உங்க காதுல விழுமா?"

"நீ இல்லாத வீட்டுல பயமா இருந்துச்சு," என்றார் மாமா. "அதுவும் கருகிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "பால்கனிக் கதவைத் திறங்க. முதல்ல அதைப் பாக்கணும்."

"ஐயோ, குளிரு போயிடும்மா!" என்று பதறினான் மகன்.

"போனா போகட்டும்," என்று சப்-இன்ஸ்பெக்டரே போய்த் திறந்துவிட்டாள்.