பெல்சரி என்றுதான் சொல்ல வேண்டும்

யூனிஸ் பெல்லார்டிஸ்வொர்தி படியேறி வந்த காலையில் ஹெஸ்டர் யோவுக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் தேநீர். துப்பறிவாளர் டாப்ஸ்காட்டின் அக்காள் மகள் சில்வியா லண்டனிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் போட்டுக் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "முதல் தரம்" என்று சொல்லிவிட்டார் மனிதர். காவல்துறையிலிருந்து அவர் ஓய்வுபெற்ற நாள் முதல் அவருக்குக் காரோட்டி, குறிப்பெடுத்து, தேநீரும் போட்டுத் தந்தவள் ஹெஸ்டர். அவளுடைய தேநீரை அவர் ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்றதில்லை, நன்றாயில்லை என்றதும் இல்லை.

ஆகவே, வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்குள்ள ஒருத்தி புகுந்துட்டா சார்" என்று ஆரம்பித்ததுமே ஹெஸ்டர் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

"உங்க பேர் மிஸ் பெல்லார்டிஸ்..." என்று எழுதப் போனாள்.

"பெல்சரி. இங்கிலீஷ்ல எழுதறப்ப பதினஞ்சு எழுத்து, சொல்றப்ப பெல்சரி. ஆத்தங்கரையில மூணே ஊர்லதான் இந்தப் பேர் உண்டு. இந்த டெவன் மாவட்டத்தைத் தாண்டினா ஒருத்தருக்கும் கிடையாது. வெளியாளுங்க எழுத்துக்கூட்டிப் படிச்சு நாக்கைச் சுளுக்கிக்குவாங்க."

அதை அவள் சொன்ன விதத்தில் பெருமை வழிந்தது. ஐம்பதை நெருங்கிய, கலியாணமாகாத, இஸ்திரி மடிப்புக் கலையாத பெண்மணி. அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை தேவாலயக் கூடத்தில் கூடுவார்கள். ஒருவர் எழுந்து ஒவ்வொரு பெயராக மனப்பாடமாகக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர் "இருக்கேன்" என்பார். கூப்பிட்டால்தான் குடும்பம், கூப்பிடாவிட்டால் வேற்றாள். இருபது வருஷமாகக் கூப்பிடுகிறவள் யூனிஸ். இந்த வருஷக் கூட்டம் மறுநாள்.

"புகுந்தவ யாரு?" என்றார் டாப்ஸ்காட்.

"டோர்கஸாம். நியூஃபவுண்ட்லாண்டாம். கடல் தாண்டி, மீன்பிடிக்கற ஊர். பத்திரிகையில எங்க கூட்டத்தைப் பத்தி வந்ததைப் பார்த்துட்டு, நானும் உங்க பேர்தான்னு பெட்டியோட வந்து இறங்கிட்டா. பெரியப்பாவுக்குக் கண்ணு மங்கல். சாயங்காலமானா நான்தான் அவர் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவேன். இப்ப என் நாற்காலியில அவ உக்காந்திருக்கா. என் பெரியப்பாவைப் பெரியப்பாங்கறா."

"போலின்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒண்ணா, ரெண்டா? ரொட்டியில ஜாமை முதல்ல தடவி அதுக்கு மேல கிரீமை வைக்கறா. நம்ம பக்கத்து மனுஷி செய்வாளா அதை?"

"செய்யவே மாட்டா" என்றாள் ஹெஸ்டர் அழுத்தமாக.

"வந்த அன்னிக்கே வாசல்ல நின்னுக்கிட்டு, நான் டோர்கஸ் பெலடிங்கறா. சொந்தப் பேரே வாயில நுழையல. பெலடியாம். வீடே சிரிச்சுது."

டாப்ஸ்காட் சிரிக்கவில்லை. "அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

யூனிஸின் முகம் சுண்டியது. "பெரியப்பா அனுப்பினார். நேத்து ராத்திரி சாப்பாட்டுல அவ ஒரு கதை விட்டா. பால்கொட்டகையைத் தேய்ச்சுக் கழுவறப்ப ஒரு பலகைக்கல்லைப் புரட்டினாளாம், அடியில நம்ம பேர் வெட்டியிருக்காம். என்னன்னு சொல்லமாட்டேன் பெரியப்பா, காலைல உங்க விரலாலயே தடவிப் படிங்கன்னு கொஞ்சினா. விடிஞ்சு போய்ப் பார்த்தா கல்லைக் காணோம். கல்லைக் கண்டுபிடிச்சா அவளையும் கூப்பிடு, இல்லன்னா உன் இஷ்டம்னுட்டார் பெரியப்பா. அப்படி ஒரு கல்லே கிடையாது சார். இருந்தாலும் அவளே ஆணியால கீறினதாத்தான் இருக்கும். பதினஞ்சு எழுத்துப் பேரை ஆறெழுத்துல முடிச்சா அது எங்க பேரா?"

டாப்ஸ்காட் கோப்பையைக் கீழே வைத்தார். சாப்பாட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். பெரியப்பா ஆம்ப்ரோஸ், டோர்கஸ், யூனிஸ், பண்ணையாள் ஜேபெஸ். வேறு யாருமில்லை.

யூனிஸ் பேருந்தில் முன்னே போய்விட்டாள். கிளம்பும்போது சில்வியாவும் வரட்டுமா என்று அவர் கேட்டார். காரில் இடமில்லை என்றாள் ஹெஸ்டர். பின் இருக்கையில் ஒரு குடையைத் தவிர ஒன்றுமில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே பசியெடுத்தது. பண்ணை ஆற்றுக்கு மேல்கரையில். கீழ்க்கரையில் இருந்தது ஒரு பழைய சாப்பாட்டு விடுதி, வாசலில் 'பெல் லேடி' என்று பலகை. கையில் மணி பிடித்த ஒரு சீமாட்டி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். டாப்ஸ்காட் அதன் கீழே நின்றுவிட்டார்.

"யாருப்பா இந்த அம்மா?" என்று விடுதிக்காரரைக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும் சார். எங்க தாத்தா காலத்துல பலகையில வெறும் பேருதான். படம் எங்கப்பா போட்டது. எங்க அத்தை மூஞ்சியைப் பார்த்து வரைஞ்சார். அத்தை அதுக்கப்புறம் வீட்டுப்படி மிதிக்கல."

"மணி ஏதாவது இருந்துதா இங்க?"

"மணியும் இல்ல, சீமாட்டியும் இல்ல. பண்ணை வீடா இருந்து விடுதியானது. பேர் மட்டும் முன்னாலருந்தே அதுதான்."

டாப்ஸ்காட் இறைச்சிப் பணியாரத்தை நிதானமாகச் சாப்பிட்டார். ஹெஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சார், கல்லு கதையேதான். கல்லு இல்லன்னா காட்ட முடியாது, அதனால காணாமப்போச்சுங்கறா. சாமர்த்தியக்காரி."

"இருக்கலாம்" என்றார்.

பண்ணையில் ஆம்ப்ரோஸ் அடுப்போரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் முப்பது வயதுக்காரி ஒருத்தி, சிவந்த கை, பெரிய சிரிப்பு. அவள் எழுந்து ஹெஸ்டருக்கு நாற்காலி கொடுத்தாள். அது யூனிஸுடைய நாற்காலி என்று நினைத்ததும் ஹெஸ்டருக்கு அதில் உட்காரப் பிடிக்கவில்லை. கூடவே சில்வியாவின் தேநீர் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"உங்க பேரை எப்படிச் சொல்வீங்க?" என்றார் டாப்ஸ்காட்.

"பெலடிதான் சார். எழுதறது என்னவோ இங்க மாதிரியேதான் எழுதறோம், பாதிரியார் எழுதிக் கொடுத்தது. ஆனா எங்கப்பா பெலடி, அவங்கப்பா பெலடி. எங்க வளைகுடாவுல வேற மாதிரி சொன்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க. இங்க வந்து சொன்னா சிரிக்கறாங்க." அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "நாளைக்குக் கூப்பிடலன்னா கப்பலேறிடுவேன். சொந்தக்காரங்கன்னு சொல்லிக்க எனக்கு அங்க யாரும் மிச்சமில்ல. இங்கயும் இல்லன்னா சரி, இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

"கல்லுல என்ன எழுதியிருந்துது?"

"அதை நான் யார்கிட்டயும் சொல்லல சார். பெரியப்பாதான் முதல்ல படிக்கணும்."

ஜேபெஸ் கொட்டகையைக் காட்டினான். பலகைக்கல் இருந்த இடத்தில் ஈர மண் சதுரமாகத் தெரிந்தது. ஒரு ஆள் மார்போடு அணைத்துத் தூக்கக்கூடிய அளவு.

"ஆக, கல்லு இருந்துது" என்று டாப்ஸ்காட் ஹெஸ்டரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜேபெஸ் பக்கம் திரும்பினார். "நீ தூக்கினியா?"

"நானா? குனிஞ்சா நிமிர மாட்டேன், நிமிர்ந்தா குனிய மாட்டேன். போன வருஷம் வண்டி கவுந்ததுலருந்து என் முதுகு எனக்குச் சொந்தமில்ல. மிஸ் யூனிஸைக் கேளுங்க, தள்ளுவண்டி அவங்க வீட்லதான் இருக்கு, பூத்தொட்டி நகர்த்தன்னு."

யூனிஸின் வீடு பண்ணைச் சந்தின் கோடியில். திரைச்சீலை, கரண்டி, செருப்பு எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. அப்பேர்ப்பட்ட வீட்டு வாசற்படியில் ஹெஸ்டர் கால் வைத்ததும் கல் ஆடியது. கதவைப் பிடித்துக்கொண்டு சமாளித்தாள்.

"பார்த்து, அது ஆடும்" என்றாள் யூனிஸ் உள்ளேயிருந்து.

டாப்ஸ்காட் குனிந்தார். கல்லின் ஓரத்தில் நசுங்கிய புல் இன்னும் பச்சையாகவே இருந்தது. அவர் கல்லைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தார். தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, கிரீம் முதலில், ஜாம் மேலே. அவர் தொடவில்லை.

"மிஸ் பெல்சரி, அந்தப் பொண்ணு போலி இல்ல."

"எந்த ஆதாரத்துல சொல்றீங்க?"

"நீங்க கொடுத்த ஆதாரத்துலதான். ஒருத்தி பத்திரிகையைப் பார்த்துட்டு ஏமாத்த வர்றான்னு வச்சுக்குவோம். அவ எழுத்தைப் படிச்சிருந்தா பெல்லார்டிஸ்வொர்தின்னு முழுசாச் சொல்வா, நம்ம ஹெஸ்டர் மாதிரி. கெட்டிக்காரியா இருந்து இங்க விசாரிச்சிருந்தா பெல்சரின்னு சொல்வா, உங்கள மாதிரி. பெலடின்னு சொல்ல அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? அது கண்ணால படிச்சதுமில்ல, இங்க காதால கேட்டதுமில்ல. அப்பன் வாயிலருந்து மகள் வாய்க்கு வந்தது."

"தப்பான உச்சரிப்பு எத்தனையோ வரும்."

"வரும். ஆனா இந்தத் தப்பு ஆத்துக்கு அந்தக் கரையில பலகையில தொங்குது. பெல் லேடி. அங்க மணியும் இல்ல, சீமாட்டியும் இல்ல. பெலடி வீட்டுக்காரங்க பண்ணை அது. அவங்க மீன்பிடிக்கக் கப்பலேறிப் போயிட்டாங்க, பேர் மட்டும் வீட்டுல நின்னுது. அர்த்தம் தெரியாதவங்க அதுக்கு ஒரு மணியையும் அத்தையையும் வரைஞ்சு வச்சாங்க. ஒரே பேர்தான். வாய்ல தேயத் தேய மேல்கரையில பெல்சரியாச்சு, கீழ்க்கரையில பெலடியாச்சு."

ஹெஸ்டருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவளும் அதே பலகையின் கீழேதான் நின்றாள். ஆனால் அப்போது அவள் மனமெல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையில் கிடந்தது.

"அப்ப கல்லு?" என்றாள் ஹெஸ்டர்.

"பெரியப்பாவுக்குக்கூட டோர்கஸ் எழுத்தைச் சொல்லல. பேர் வெட்டியிருக்குன்னா பதினஞ்சு எழுத்துன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. காதுல விழற பெலடியை எழுதினாலும் ஒருத்தர் BELADY-ன்னு ஆறெழுத்துல எழுதுவார், இன்னொருத்தர் BELLARDY-ன்னு எட்டுல எழுதுவார். கல்லுல எத்தனைன்னு பார்த்தவங்களுக்குத்தானே தெரியும்? ஆறெழுத்துல முடிச்சா அது எங்க பேரான்னு இன்னிக்குக் காலைல ஒருத்தர் என்னைக் கேட்டாங்க."

 யூனிஸ் ஏற்கெனவே நேராக இருந்த கரண்டியை இன்னொரு முறை நேராக்கினாள்.

"கரண்டிகூடக் கோணலா இல்லாத வீட்டுல வாசற்படி ஆடுது" என்றார் டாப்ஸ்காட். குரலில் குத்தல் இல்லை.

"உடைக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றாள் யூனிஸ். "சுத்தியலை எடுத்துட்டேன். திருப்பிப் பார்த்தா அந்த எழுத்து. பழைய எழுத்து, பெலடின்னு, மண் இறுகிப்போயி. கை வரல சார். எங்க பேருன்னு பார்த்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதாலதான் கை வரல." அவள் அழவில்லை, அழுதிருந்தால் பார்க்கச் சுலபமாயிருந்திருக்கும். "இந்தப் பேரைத் தவிர எனக்கு என்ன இருக்கு? அந்தப் பேர்லயும் ஒரு பங்கு அவளுக்கு, பெரியப்பாவுலயும் ஒரு பங்கு. வயிறு எரிஞ்சுது. காலைலருந்து அதை மிதிச்சுக்கிட்டுத்தான் வெளிய போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அது ஆடுச்சு."

"பெரியப்பாகிட்ட கல்லு கிடைச்சுதுன்னு மட்டும்தான் சொல்வேன்" என்றார் டாப்ஸ்காட். "எங்க கிடைச்சுதுன்னு அவர் என்கிட்ட கேக்கல. கூப்பிடறது நீங்க. என்ன பேர் சொல்லிக் கூப்பிடறதுங்கறதும் உங்க வாயிலதான் இருக்கு."

ஹெஸ்டர் போகும்போது வாசற்படியைத் தாண்டிக் குதித்தாள்.

மறுநாள் கூடத்தில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் ஆம்ப்ரோஸ், மடியில் பலகைக்கல், அதை யூனிஸே விடியற்காலையில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். கிழவரின் விரல்கள் எழுத்துகளின் மேல் போய் வந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையில் கதவோரமாக டோர்கஸ், கால் பக்கத்தில் அவள் பெட்டி.

யூனிஸ் எழுந்தாள். கையில் காகிதம் இல்லை, இருந்ததும் இல்லை. ஆம்ப்ரோஸ் பெல்சரி, இருக்கேன். நேதன் பெல்சரி, இருக்கேன். கெசையா பெல்சரி, இருக்கேன். குரல் ஒரே சீராக ஓடியது, வழக்கமான கடைசிப் பெயர் வரை. பிறகு தன் பெயரைத் தானே சொல்லித் தானே "இருக்கேன்" என்றாள். வருஷா வருஷம் அதோடு முடிந்துவிடும். சிலர் நாற்காலியை நகர்த்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். டோர்கஸின் கை பெட்டியின் கைப்பிடிக்குப் போனது.

யூனிஸ் உட்காரவில்லை.

"டோர்கஸ்" என்றாள். நிறுத்தினாள். பெல்சரி என்று வருமென்று கூடமே காத்திருந்தது. அதுவே பெரிய மனசுதான். அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"டோர்கஸ் பெலடி."

யாரும் சிரிக்கவில்லை. "இருக்கேன்" என்ற குரல் கதவோரத்திலிருந்து வந்தபோது அது பாதிதான் கேட்டது. ஆம்ப்ரோஸ் தன் இடது பக்கத்து நாற்காலியைத் தட்டினார், வா என்று. வலது பக்கத்து நாற்காலியின் மேலிருந்த தன் தொப்பியையும் எடுத்தார். அது யூனிஸுக்காகக் காலையிலேயே பிடித்து வைத்த இடம்.

ஹெஸ்டர் வண்டியைப் பாலம் தாண்டி ஓட்டினாள். பலகைச் சீமாட்டி மணியோடு பின்னால் போனாள்.

"சில்வியாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம் சார்" என்றாள்.

"இடமில்லன்னு நீதானே சொன்ன?"

"பின்சீட்ல இருக்கு."

"பின்சீட்லயா?"

"இப்போதைக்குப் பின்சீட்" என்றாள் ஹெஸ்டர். "தேநீர் எப்படிப் போடறான்னு கேட்டுக்கிட்டப்புறம் முன்னால உக்கார வைக்கலாம்."