தாழையடி ஏழாம் வார்டின் மறுகேள்வி

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் ஆள்பவர்கள் பேசினார்கள், ஆளப்பட்டவர்கள் கேட்டார்கள். அந்த நெடிய அநீதி முடிந்து, மக்கள் பேச அரசு கேட்கத் தொடங்கிய பொன்னாள் 2068ஆம் ஆண்டு தை மாதம் ஏழாம் தேதி. தாழையடி நகராட்சி வாசலில் கருங்கல்லில் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைய விழாவில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. அமைச்சர் நாற்பது நிமிடம் என்ன பேசினார் என்பது முதல் வரிசையில் இருந்தவர்களுக்கே தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வீடு ஒட்டப்பட்ட கருவிக்கு அரசு வைத்த பெயர் ‘மக்கள் செவி’. உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிற வில்லை. கூடத்துச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கும். வீட்டில் யாராவது பொது விஷயம் பற்றி ஏதாவது சொன்னால், கருத்தாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ‘ச்ச், ச்ச்’ என்று சத்தம் கொடுக்கும். மறுநாளே ஊர் அதற்குப் பல்லி என்று பெயர் மாற்றிவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போது பல்லி சத்தமிட்டால் சொன்னது பலிக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அரசாங்கத்தின் நம்பிக்கையும் ஏறக்குறைய அதுதான்.

யோசித்துச் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம், யோசிக்காமல் சொல்வதே உண்மை என்பது இயல்புப் பேச்சுச் சட்டத்தின் அடிப்படை. எனவே மனு, ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாம் ‘ஒத்திகைக் கருத்து’ என்று வகைப்படுத்தப்பட்டுச் சுழி மதிப்புப் பெற்றன. முதல் ஆறு மாதம் ஊரே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியது. சிலர் பல்லியைத் துண்டால் மூடினார்கள். அது ‘கருத்துத் தெரிவிக்க விருப்பமின்மை’ என்று பதிவாகி, அந்த வீடுகளுக்குக் குப்பை வண்டி வருவது நின்றது. நாற்றம் தாங்காமல் துண்டை எடுத்தார்கள். மூன்றாவது வருடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் ஆவுடையம்மாள் வழக்கம்போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வேட்டி கட்டலையா? நேரத்துக்குப் போகலைன்னா மூலைப் படுக்கைதான் கெடைக்கும். நாசமாப் போற எடம்! ஃபேன் ஓடாது, தண்ணி வராது. இடிஞ்சு விழ மாட்டேங்குது பாருங்க.”

ச்ச், ச்ச் என்றது பல்லி.

“ஏட்டி, மெதுவாப் பேசு” என்றார் அவள் கணவர் பேச்சிமுத்து. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். கலவரத் தடுப்புப் பிரிவில் முப்பது வருடம் ஏட்டாக இருந்தவர். உடம்பு வற்றிவிட்டாலும் மீசை வற்றவில்லை.

அப்போதுதான் ஆவுடையின் கைத்திரை ஒளிர்ந்தது. வாழ்த்துச் செய்தி. “தங்கள் விருப்பம் நிறைவேறியது! ஏழாம் வார்டு மக்கள் விரும்பியபடி குருதித் தூய்மையகம் இம்மாத இறுதியில் மூடப்படும். அவ்விடத்தில் நடைப் பூங்கா அமையும். தொடர்ந்து பேசுங்கள்.”

அவள் இரண்டு முறை வாசித்தாள். குருதித் தூய்மையகம் என்பது அவர்கள் போகிற டயாலிசிஸ் நிலையம்தான். அடுத்த டயாலிசிஸ் நிலையம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு முறை தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை.

“எந்தப் பாவி சொல்லியிருப்பான்?” என்றாள். பல்லி சும்மா இருந்தது. அது கருத்து இல்லை, கேள்வி.

நடைப் பூங்கா என்றதும் அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதுரை, ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர். மணிக்கட்டில் அடி எண்ணும் பட்டையோடு தெருவை நாளுக்கு முப்பது சுற்று சுற்றுகிறவர். பதினொன்றாவது சுற்றில் அவரை மறித்தாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு நடக்க எடம் வேணும்னா எங்க வீட்டுக்காரர் உசுருதான் கெடைச்சுதா?”

“தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லலையே. கர்த்தர் மேல ஆணை.”

“கர்த்தர எதுக்கு இழுக்கிய? பல்லிக்குத் தெரியும்.”

“அப்படின்னா ஒன் வீட்டுப் பல்லிய மொதல்ல கேளு. ஒன் சத்தம் நாலு வீட்டுப் பல்லிக்குக் கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது சுற்றுக்குப் போனார்.

மக்கள் செவிக்கான வார்டு அலுவலகத்தில் ரபீக்கா பானு என்ற இளம் உதவி அலுவலர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலும் ஒரு பல்லி.

“யாரும்மா இத முடிவு பண்ணுனது?” என்று ஆவுடை கேட்டாள்.

“நீங்கதாம்மா.”

“நானா?”

“நீங்கன்னா, மக்கள்.”

“மக்கள்ல யாரு?”

“அது தனியுரிமைம்மா. வெளிய சொல்லக் கூடாது.”

“சரி, கையெழுத்துப் போட்ட ஆபீசர் யாரு?”

“கையெழுத்தெல்லாம் இப்ப கிடையாதும்மா. நாங்க கேக்கிறோம், அவ்வளவுதான். எழுபத்தோரு சதவீதம் எதிர்ப்பு. தானா மூடிக்கும்.”

“மந்திரி?”

“அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

ஆவுடை எழுந்திருக்கவில்லை. ரபீக்கா பானு அண்ணாந்து பல்லியை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் மேசை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, பதினான்காம் விதியில் விரலை வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அதன் பெயர் மறுகேள்வி. வார்டைச் சேர்ந்த முப்பது பேர் பொதுச் சபையில் தத்தம் பதிவை வாங்கி, குறிப்பிட்ட விஷயத்தைப் பேசிய ஒரு நாளின் பேச்சு முழுவதையும் ஒரு சொல் விடாமல் வாசித்து, சொன்னதற்குப் பொருள் என்ன என்று விளக்கினால், முடிவு மறுபடி கணக்கிடப்படும்.

“இது வரைக்கும் எத்தனை ஊர்ல நடந்திருக்கு?”

ரபீக்கா பானு கைவிரல்களைக் குவித்து ஒரு வட்டம் காட்டினார். சுழி.

ஏன் சுழி என்பது அந்த வாரம் ஆவுடைக்குப் புரிந்தது. கதவு கதவாகத் தட்டினாள். தாழையடியில் இத்தனை கொள்கைவாதிகள் இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. தனிமனிதனின் அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் உயிர்நாடி என்றார் மளிகைக் கடைக்காரர். தரவு இறையாண்மை பற்றி ஞானதுரை வாசற்படியில் நின்றபடியே கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். வடக்குத் தெரு கோமுதான் உண்மையைச் சொன்னாள்.

“அக்கா, ஒரு நா முழுக்கப் பேசுனத வாசிக்கணும்ங்காவ. அதுல எம் மாமியாரு வருவாவ, நாத்தனாரு வருவா, நீ வருவ. வாசிச்சுட்டு நான் எந்தத் தெருவுல குடியிருக்க?”

அரசாங்கம் எதையும் பூட்டி வைக்கவில்லை. மக்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசியதைக் கொண்டே பெட்டகத்தை அடைத்துவிட்டது. திறக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தைரியம்தான் யாருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் சபை கூடியது. யார் வாசிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே எண்பது பேர் வந்திருந்தார்கள். வாசிக்க ஒப்புக்கொண்டது ஆவுடை ஒருத்தி. ரபீக்கா பானு அச்சிட்ட தாள்களைக் கொடுத்தார். ஆவுடை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். காலை ஆறு மணியிலிருந்து தொடங்கியது.

டயாலிசிஸ் நிலையத்தை தாளில் இருந்த அந்த ஒரே நாளில் பதினாறு முறை நாசமாகப் போகச் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“இதுக்குப் பொருள் என்னம்மா?” என்று ரபீக்கா பானு கேட்டார்.

“பொருள் என்ன பொருள்? பேரப்பிள்ளயக்கூட சவத்து மூதின்னுதான் கொஞ்சுதோம். ஒண்ண நல்லா இருக்குன்னு வாய் விட்டுச் சொன்னா கண்ணு பட்டுரும்லா.”

எழுதிக்கொண்டார். ஆவுடை மேலே வாசித்தாள். காலை எட்டு மணி: “ஞானதுரை அண்ணாச்சி மண்டையில இருக்கது டோப்பா. காத்தடிச்சா தலையப் புடிச்சிக்கிட்டு நிக்காரு. கேட்டா சிந்திக்காராம்.” எட்டரை: “கோமு வைக்க சாம்பார்ல பருப்ப வல வீசித்தான் புடிக்கணும்.” ஒன்பதரை: மளிகைக் கடைக்காரரின் மகள் கல்யாணம். பதினொன்று: தெற்குத் தெரு முழுவதும். ஒரு சொல் விடவில்லை.

வாசித்து முடித்துத் தாள்களை மடக்கினாள். ஞானதுரை எழுந்தார். கை தன்னையறியாமல் தலைக்குப் போய், பாதியில் இறங்கியது.

“இருக்கட்டும்” என்றார். “என் பதிவையும் எடும்மா. நான் என்ன சொல்லியிருக்கேன்னு இவளும் கேக்கட்டும்.”

அவர் சொல்லியிருந்தது ஆவுடையின் வாயைப் பற்றி ஒரு முழுப் பக்கம். நடுவில், “அந்தச் சனியன இடிச்சாத்தான் தெருவுல நடக்க முடியும்” என்று ஒரு வரி. பொருள் கேட்டபோது, “வாசல்ல ஒருத்தன் வண்டிய நிறுத்திட்டான், அந்தக் கோவத்துல சொன்னது” என்றார். அவர் தாளில் கோமுவின் சாம்பார் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்தது. கோமு உடனே எழுந்து தன் தாளைக் கேட்டாள். அவள் தாளில் மளிகைக்காரரின் தராசு இருந்தது. மளிகைக்காரர் அரசியல் சாசனத்தை மறந்து வரிசையில் வந்து நின்றார். 

ஊர் நன்மைக்காக ஒருவரும் வாயைத் திறக்காத வார்டில், பதிலுக்குப் பதில் சொல்வதற்காக மூன்று மணி நேரத்தில் ஆவுடையோடு சேர்த்து இருபத்தொன்பது பேர் வாசித்தார்கள். எல்லோரும் தூய்மையகத்தைத் திட்டியிருந்தார்கள். எல்லோருடைய ‘பொருள்’ கட்டத்திலும் ரபீக்கா பானு ஒன்றையே எழுதினார்: சும்மா சொன்னது.

முப்பதாவது ஆள் வேண்டும். மீதி இருந்தவர்களிடம் பழிவாங்க ஒன்றும் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த வருத்தத்திலேயே பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். ஆவுடை கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“இவிய வாசிப்பாவ.”

“கண்ணாடி கொண்டு வரலையே” என்றார் பேச்சிமுத்து.

“இந்தாரும்” என்று ஞானதுரை தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

பேச்சிமுத்துவின் தாள் மிகச் சிறியது. ஆவுடை கடைக்குப் போயிருந்த ஒரு காலை, மணி பத்து ஐந்துக்கு நேராகப் பல்லியிடமே சொன்னது. அவர் எழுந்து நின்று, விறைப்பாக, அந்தக் காலத்தில் மேலதிகாரியிடம் பேசுகிற தோரணையில் வாசித்தார்.

“ஐயா, கேக்கியளா? அந்த டயாலிசிஸ் எடத்த எப்படியாச்சும் மூடிருங்க ஐயா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

ரபீக்கா பானு தாளின் ஓரத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “நோயாளியோட கருத்துக்கு நாப்பது மடங்கு எடைம்மா. மத்தவங்க திட்டுனது எல்லாத்தையும் தள்ளிட்டாலும், இது ஒண்ணே போதும்.”

ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஞானதுரை மெதுவாகக் கையை உயர்த்தினார். “சபையோரே, புரியுதா? மனைவி தன்னால அலையிறதப் பொறுக்காம, தன் உயிரே போனாலும் போகட்டும்னு ஒரு மனுஷன் கேட்டிருக்கான். இத தியாகம்னு சொல்லாம வேற என்ன சொல்ல?” கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

“எனக்காகவா சொன்னிய?” என்றாள் ஆவுடை. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அந்த வார்டு கேட்டதில்லை.

பேச்சிமுத்து மீசையைத் தடவினார். தலை ஆடுவது போலவும் இருந்தது, ஆடாதது போலவும் இருந்தது.

“அப்படின்னா எழுதிக்கவா சார்?” என்றார் ரபீக்கா பானு. “தியாகம்னா அது மனசார வந்த விருப்பம். கணக்குல நிக்கும். நிலையத்த மூடித்தான் ஆகணும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் போய் அங்க ஊசி போட்டுக்கணும்.”

“அங்கயும் ஊசிதானா?”

“எங்க போனாலும் ஊசிதான் சார்.”

பேச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஞானதுரையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரபீக்கா பானுவின் மேசைக்கு நடந்து போய், குனிந்து காதில் ஏதோ சொன்னார்.

“சபைக்குக் கேக்கணும் சார். அதுதான் விதி.”

அவர் சொன்னார். கேட்டது.

ரபீக்கா பானு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்பதாம் விதி தெளிவாக இருந்தது: பயம் கருத்தாகாது. நாடு முழுவதும் எத்தனை கோடிப் பேச்சு அந்த விதியின்கீழ் தள்ளப்பட்டது என்று அவர் ஒரு முறை தலைமையகத்தைக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. கேட்ட பிறகுதான் அவர் தாழையடிக்கு மாற்றப்பட்டார். இப்போது அதே விதியால் நாற்பது மடங்கு எடை சுழியானது. குருதித் தூய்மையகம் மூடப்படாது என்று அறிவித்தார்.

மறுகேள்விப் பதிவேட்டில் முப்பதாவது வரிசையில் இப்படி இருக்கிறது. பேச்சிமுத்து, வயது அறுபத்து நான்கு, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், கலவரத் தடுப்புப் பிரிவு. பொருள்: ஊசி என்றால் பயம்.