சாவுக்கு வராத மாப்பிள்ளை

"என் மக சடங்குக்கு, பெத்த அப்பன் பேரு இல்லாம ஃபிளெக்ஸா? இது ஒனக்கே நல்லாருக்காண்ணே!"

அக்காள்மடத்து வீட்டு வாசலில் ஏணி மேல் நின்று ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்த வீரமணி, தங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாய்மாமன் நான் இருக்கேன்ல! நம்ம அய்யா சாவுக்கு வராத மனுசன் பேரு எதுக்கு?"

நாலு வருஷமாக இந்த ஒரு பேச்சுக்குப் பூங்கோதையிடம் பதில் இருந்தது... சொல்லத்தான் தைரியமில்லை.

அவள் கணவன் தயாபரன் இலங்கைத் தமிழன், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். சொந்த ஊர்க் காணியைப் பார்த்து வரப் போன இடத்தில் உயிருக்கே மிரட்டல் வந்ததால், லண்டனுக்குத் தப்பிப்போய் அடைக்கலம் கேட்டான். ஆறே மாதத்தில் முடிவு தெரிந்துவிடும் என்றுதான் சொன்னான். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது! முடிவு வரும்வரை அங்கே வேலைக்கும் போக முடியாது. ஊருக்குக் கிளம்பினால் மனுவே இல்லாமல் போய்விடும். அவன் தோளில் தூக்கிச் சுமந்த மூன்று வயதுக் கவிப்ரியா, இதோ, சடங்காகி நிற்கிறாள். பூங்கோதை நண்டு கம்பெனியில் சதை பிரிக்கும் வேலைக்குப் போய், அண்ணன் வீட்டிலேயே இருந்து மகளை வளர்த்தாள்.

பத்து மணிக்குப் பந்தல் நிறைந்திருந்த நேரம், தலை நிறையப் பூவோடு கவிப்ரியா ஓடிவந்தாள்.

"அம்மா! அப்பா வீடியோவுல வந்துருக்காக! அழுகுறாகம்மா!"

பூங்கோதை அவள் கையிலிருந்து போனைப் பறித்தாள். திரையில் தயாபரன் அழுதுகொண்டே சிரித்தான்.

"கிடைச்சிட்டுது பூங்கோதை! என்னை அகதியா ஏத்துக்கொண்டிட்டாங்கள்! நேற்றுப் பின்னேரம் கடிதம் வந்தது. பயணப் பத்திரம் கைக்கு வந்த உடன, முதல் வேலையா அங்கதான் வாறன்!"

அவ்வளவுதான்... அண்ணன் மனைவி முத்தழகு போட்ட குலவையில் பந்தலே அதிர்ந்தது! வீரமணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எங்கய்யா செத்தப்ப தெரியாத வழி இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்!"

அது தயாபரன் காதில் விழுந்துவிட்டது.

"மச்சான்... இனியும் மறைக்க எனக்கு ஏலாது. மாமா செத்த அண்டைக்கே, கேஸ் வேண்டாமெண்டு கடிதம் எழுதி, டிக்கெட்டும் எடுத்திட்டன். இவள்தான் அழுது மறிச்சவள். அஞ்சு வருஷம் காத்திருந்தது வீணாப் போகும், வராதேங்கோ எண்டு..."

"ஏங்க, நிறுத்துங்க!" என்று அலறினாள் பூங்கோதை.

வீரமணி மெல்ல அவள் அருகே வந்தான். "நெசமாவா புள்ள? இம்புட்டு நாளா அவர ஏசுனேனே... ஏன் சொல்லல?"

"அய்யா மொகத்தக் கடைசியாப் பாக்கவிடாம மறிச்சது நானுன்னு தெரிஞ்சா, என்னைய வெறுத்துருவியேண்ணே..." என்றாள் பூங்கோதை. "அவரு தூரத்துல இருக்காரு, ஒன் கோவத்தத் தாங்கிக்கிருவாரு. நான் ஒன் வீட்டுலல்ல இருக்கேன்! நீயும் வெறுத்துட்டா எங்கன போவேன்?"

"கிறுக்கி... கிறுக்கி!" ஓங்கிய கை அடிக்கவில்லை, அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது. "ஒன்னைய வெறுத்துட்டு நான் யாருகிட்டடி சண்ட போடுவேன்?"

"அதான் நான் இருக்கேன்ல!" என்றாள் முத்தழகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பந்தலில் சிரிப்பு வெடித்தது.

வீரமணி போனை வாங்கினான். நாலு வருஷமாகப் பேசாத வாய்க்கு, எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"மாப்ள... சாப்ட்டீகளா?"

"இங்க இப்பதான் விடியக்காலம் அஞ்சரை மச்சான்!"

"மணி என்னவா இருந்தா என்ன? மக சடங்கு... எந்திரிச்சுப் போய் இனிப்பா எதையாச்சும் சாப்பிடுங்க மாப்ள!"