ஏழாம் நம்பர் மெஷின் அலறியது!

"வீ...ல்ல்ல்!"

அலறியது மனிதன் அல்ல.

மெஷின்!

பல்லி ஏணியின் எட்டாவது படியில் உறைந்து நின்றான். கையில் அப்போதுதான் பிடுங்கிய பிளக். கட்டைவிரல் தடிமன் கேபிள். அதன் மறுமுனை சுவர் ஓட்டை வழியாகப் பூட்டிய அறைக்குள் போனது.

கதவில் ஒரு தகரப் பலகை. மண்டை ஓட்டுப் படம். 'உயர் மின்னழுத்தம். ஏழாம் நம்பர் மெஷின். திறக்காதே.'

அந்தக் கம்பெனியில் பதினான்கு வருடமாக வயர் இழுப்பவன் அவன். சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டே பிழைப்பதால் பல்லி. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. புகைந்த மெஷின் பார்த்திருக்கிறான். வெடித்த மெஷின் பார்த்திருக்கிறான். எலி செத்து நாறிய மெஷினையும் பார்த்திருக்கிறான்.

கத்தும் மெஷின்... இதுதான் முதல் தடவை!

"யா... யாரு?"

உள்ளே இருந்து பதில் வந்தது.

"அய்யோ... காது போச்சே!"

மெஷினுக்கு ஏது காது?

எட்டுப் படிகளையும் ஒரே படியாக இறங்கினான் பல்லி. மொட்டை மாடிக்கு ஓடினான். போனை எடுத்தான்.

"போலீஸ் ஸ்டேஷனா? சார்... நான் ஒரு மெஷினைக் கொன்னுட்டேன் சார்!"

ஸ்டேஷனில் எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பல் வலி. ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார்.

மணி இரண்டரை.

எம்.டி. அறை. ஏ.சி. ஓடியது. எம்.டி.க்கு வியர்வையும் ஓடியது.

"சார், அது மெஷின். மெஷின்னா சத்தம் வரும்."

"'காது போச்சே'ன்னா வரும்?"

"பழைய மாடல் சார்..."

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"இன்னைக்கு எதுக்குப் பிடுங்கச் சொன்னீங்க?"

"கம்பெனியை வித்துட்டேன் சார். கையெழுத்து நேத்தே ஆச்சு. நாலு மணிக்கு வாங்கினவங்க வர்றாங்க. சுத்திப் பாத்துட்டு சாவி வாங்கிப்பாங்க. நான் சொன்னதுல ஒரு பொய் இருந்தாலும் ஒப்பந்தம் ரத்து! அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன் என்கிட்ட ஒரு டெலிபோன்கூட வாங்கமாட்டான். நாலரைக்கு வாங்க சார்... எவ்வளவு வேணும்னாலும் விசாரிங்க!"

"ஒரு பொய்கூட இல்லையே?"

"சத்தியமா இல்ல சார்!"

மேஜையில் ஒரு பளபளப்பான புத்தகம். கம்பெனியின் இருபத்தைந்து வருட வரலாறு. வந்தவர்களுக்குக் கொடுக்க அச்சடித்தது.

இன்ஸ்பெக்டர் புரட்டினார்.

முதல் பக்கத்தில் அண்ணனும் தம்பியும். ஒரு வாடகை அறை, ஒரு ஏணி. கடை கடையாகப் போன் வயர் இழுத்தார்கள். அடுத்த அத்தியாயத்திலேயே அண்ணன் செத்துவிட்டார், இரண்டே வரியில். பிறகு தம்பி... தம்பி... தம்பி மட்டுமே! ஆபீஸ்களுக்கு இன்டர்நெட் கொடுத்தார். ரோட்டுக்கு அடியில் ஃபைபர் போட்டார். இன்று மூன்று மாடி, முந்நூறு ஊழியர்கள்.

பள்ளம் தோண்டியவர்கள் படம் எதிலும் இல்லை. ரிப்பன் வெட்டியவர் படம் பதினோரு இடத்தில் இருந்தது.

நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்து. 'நாற்பது கம்பெனிகளுக்கு வரும் அழைப்புகளை ஒரே நேரத்தில் எடுத்துப் பேசும் அதிசயம்! இருபத்திரண்டு வருடமாக ஓடும் ஏழாம் நம்பர் மெஷின்!'

"இதைக் கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார். தனி ஆளா!"

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற பல்லியைப் பார்த்தார்.

"யோவ், புகார் நோட்டு வெச்சிருப்பீங்கல்ல? எடுத்துட்டு வா."

"அதெல்லாம் எதுக்கு சார்..." எம்.டி. எழுந்தார்.

"உக்காருங்க!"

உட்கார்ந்தார்.

நோட்டு வந்தது. இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'ஏழாம் நம்பர் லைனில் தும்மல் சத்தம். நடவடிக்கை: வயர் மாற்றப்பட்டது.'"

"'மறுபடியும் தும்மல். இந்த முறை இரண்டு. நடவடிக்கை: வயர் மாற்றப்பட்டது.'"

"'மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை மெல்லும் சத்தம். நடவடிக்கை: எலி மருந்து வைக்கப்பட்டது.'"

"'மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று மெஷின் வாடிக்கையாளரை விசாரித்தது. நடவடிக்கை: புரியவில்லை. வயர் மாற்றப்பட்டது.'"

நோட்டை மூடினார்.

"எத்தனை தடவைய்யா வயர் மாத்துன?"

"பத்தொன்பது சார்."

"ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு சார். வயர் டூப்ளிகேட்டோன்னு!"

இன்ஸ்பெக்டர் பல் வலியோடு பெருமூச்சு விட்டார். எம்.டி. பக்கம் திரும்பினார்.

"சாவி?"

"தொலைஞ்சு போச்சு சார்..."

"பல்லி! ஏழாம் நம்பர் கதவோட கீலைக் கழட்டு!"

மூன்று கீல். பன்னிரண்டு ஸ்க்ரூ. நான்கு துருப்பிடித்து மக்கர் பண்ணின. எம்.டி. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு பங்கு வெளுத்தார்.

தடால்!

கதவு சாய்ந்தது.

உள்ளே மெஷின் இல்லை!

ஒரு ஜன்னல். ஒரு மின்விசிறி. நீளமான மேஜை. அதில் நாற்பது சின்ன விளக்குகள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ். இரண்டு தலையணை போட்ட நாற்காலி.

நாற்காலியில் ஒரு பெண்மணி. அறுபதை நெருங்கும் வயது. காதில் ஈரத்துணி. கண்ணில் நெருப்பு!

"அண்ணி...!" எம்.டி.யின் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"எவன்டா அது பிளக்கைப் பிடுங்கினவன்?"

"நா... நான்தாம்மா. நான் மெஷின்னு..."

"எப்பவும் எலி ஓடட்டும்னு சுவத்துல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தானே பிடுங்குவே? நானும் ஹெட்போனைக் கழட்டி வெச்சுக்குவேன். இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?"

"எம்.டி. சார் சீக்கிரம்னாரும்மா!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, நீங்க எப்படி உள்ள?"

"பின்பக்கப் படி வழியா. காலைல எட்டரைக்கு வருவேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போவேன். எம் புருஷன் செத்த புதுசுல இவன் வந்து அழுதான். 'நாப்பது கம்பெனிக்குத் தானா பேசற மெஷின் தர்றேன்னு சொல்லிட்டேன் அண்ணி... மெஷின் வர்ற வரைக்கும் ஒரு மாசம் பேசுங்க'ன்னான்."

"அந்த மாசம்..."

"இன்னும் முடியல!"

எந்த மெஷின் மூடியைக் கழற்றினாலும் அடியில் ஒரு ஆள் முதுகு வலியோடு உட்கார்ந்திருப்பான். இங்கே மூடிக்கு மண்டை ஓட்டுப் படம் வேறு.

"நேத்து வந்து 'கிளம்புங்க அண்ணி, கம்பெனியை வித்தாச்சு'ன்னான். மாட்டேன்னேன். இன்னைக்கு வயரைப் பிடுங்கறான்."

"கதவைத் திறந்து வெளிய வந்து சொல்லியிருக்கலாமே, அம்மா? இத்தனை வருஷம்?"

"எங்க சார் வர்றது? நாப்பது போன் அடிக்குது!"

இன்ஸ்பெக்டர் பல்லியைப் பார்த்தார். "மாட்டுய்யா பிளக்கை!"

பல்லி ஏணியில் ஏறினான். மாட்டினான்.

பளிச்! மேஜை முழுக்க விளக்குகள் சிமிட்டின. அண்ணி ஹெட்போனை நல்ல காதில் மாட்டினார்.

"வணக்கம், சிமெண்ட் கம்பெனி!" தேன் குரல்.

"லாரி ஆபீஸ். சீக்கிரம் சொல்லுய்யா!" கட்டைக் குரல்.

"பல் ஆஸ்பத்திரிங்க... பயப்படாதீங்க, வலிக்காது." பஞ்சுக் குரல்.

இன்ஸ்பெக்டர் துள்ளினார்.

"நீங்கதானா! காலைல என்னை உப்புத் தண்ணி கொப்புளிக்கச் சொன்னது?"

"கொப்புளிச்சீங்களா?"

"இல்லம்மா..."

"அதான் வீங்கியிருக்கு. அஞ்சு மணிக்கு வந்துடுங்க, எழுதிக்கிட்டேன்."

எம்.டி. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மணி மூணேகால்! இவங்களைப் பாத்தாங்கன்னா நான் காலி சார்!"

"வாங்கினவங்களுக்கு போன் பண்ணி நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க."

"அவங்க சேர்மன் ரொம்பக் கறார். குரலே சிங்கம் மாதிரி இருக்கும்!"

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார். மூணு மாசமா எல்லாம் போன்லதான். கையெழுத்துகூட அவங்க வக்கீல்தான் போட்டார்."

"பண்ணுங்க."

எம்.டி. நம்பரை அழுத்தினார்.

டிர்ர்ர்ங்...

மேஜையில் நாற்பத்தொன்றாவதாக ஒரு விளக்கு எரிந்தது!

அண்ணி சாவகாசமாக ஒரு பட்டனைத் தட்டினார். தொண்டையைச் செருமினார்.

"சேர்மன் பேசறேன். சொல்லுங்க!"

சிங்கம்!

எம்.டி.யின் கையிலிருந்து போன் நழுவியது. தரையில் கிடந்த போனிலிருந்தும் அதே கர்ஜனை வந்தது. "ஹலோ... இருக்கீங்களா?"

"அண்ணி... நீங்க... சேர்மன்..."

"கம்பெனியை விக்கறேன்னு நீ முதல்ல போன் பண்ணினது யாருக்கு?"

"சி... சிமெண்ட் கம்பெனிக்கு."

"அங்க போனை எடுக்கறது யாரு?"

எம்.டி. நெற்றியில் அறைந்துகொண்டார். இருபத்திரண்டு வருடமாக மெஷின், மெஷின் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார்!

"அவங்க முதலாளிகிட்ட சொன்னேன். 'ஒத்தையா வேணாம்மா, எல்லாரும் சேர்ந்தா பாக்கலாம்'னார். நாப்பது முதலாளிக்கும் நான்தானே போன் எடுக்கறேன்? நாப்பது பேர்கிட்டயும் பேசினேன். எல்லாரும் சேர்ந்து ஒரு புதுக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. யாரைத் தலைவரா போடறதுன்னு பேச்சு வந்துச்சு. ஒருத்தர் குரலை நாப்பது பேரும் நம்பணும்ல? என்னைப் போட்டுட்டாங்க."

"அவங்களுக்கு... நீங்க மெஷின் இல்லன்னு தெரியுமா?"

"முதல் தும்மல்லயே தெரியும்! கேக்காம விட்டாங்க. அவங்க உன் மெஷினுக்காகவா இத்தனை வருஷம் இருந்தாங்க?"

"அப்போ... நாலு மணிக்கு வர்றது?"

"வக்கீல். அவர் மட்டும் நிஜம். நான்தான் ஏற்கெனவே வந்துட்டேனே!"

எம்.டி. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தார்.

"ஒப்பந்தத்துல ஏழாவது பக்கம் படிச்சியா தம்பி?" அண்ணி இனிமையாகக் கேட்டார்.

"'விற்றவர் ரெண்டு வருஷம் கம்பெனி கொடுக்கற வேலையைச் செய்யணும்...' நான் ஆலோசகர் வேலைன்னு நினைச்சேன் அண்ணி!"

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தார். ஹெட்போனைக் கழற்றி எம்.டி.யின் மடியில் வைத்தார்.

"தலையணை ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டுப் போறேன். முதுகு உனக்குக் கெட்டி."

மேஜையில் பதினாறு விளக்குகள் ஒன்றாக எரிந்தன.

எம்.டி. முழங்காலிலேயே நகர்ந்து இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டார்.

"சார்! என்னை அரெஸ்ட் பண்ணிடுங்க சார்! ஜெயில்ல போடுங்க!"

"எந்தப் பிரிவுல?"

"ஒரு பொம்பளையை மெஷின்னு சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கேனே சார்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, கன்னத்தைத் தடவியபடி திரும்பினார்.

"அது குத்தம்னா, முதல்ல நான் உள்ள போகணும்யா. எம் பொண்டாட்டி கல்யாணமான மறுநாள்லேர்ந்து சாட்சி சொல்ல ரெடியா இருக்கா!"