ஒத்துப்போன மூன்று வாசிப்புகள்

லாக்கப் சுவரிலிருந்து கழற்றி வந்த சாட்சிப்படலத்தை ஆய்வுக்கூடத்தில் பெனிட்டா ஊடுகதிர் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். கண்ணுக்குத் தெரிவது கண்ணாடித் துண்டு மட்டும்தான். அதன்மேல் பூசும் கோபால்ட், விதிப்படி ஐந்தே அணு தடிமன். அறையில் எழும் ஒலியெல்லாம் அதில் நுண்காந்தத் திட்டுகளாகப் பதியும். மேல்நோக்கிய காந்தம் ஊடுகதிரில் வெளுப்பாகத் தெரியும், கீழ்நோக்கியது கறுப்பாக. வரிசையாகப் படித்தால் குரல் திரும்பி வரும்.

படலங்கள் வந்த பிறகு நீதிமன்றங்களில் மனிதர் சாட்சி சொல்வது ஒழிந்துபோனது. மனிதர் பிறழ்வார்கள், கோபால்ட் பிறழாது.

எதிரே லோடு ஆட்டோ ஓட்டும் தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். அவர் மகன் இசக்கிராஜா அந்த லாக்கப்பில்தான் செத்தான். நெஞ்சுவலி என்றது காவல் நிலையம். நிலையத்தின் வக்கீல் கைலாசம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாசிப்பு. ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு தெளிவாக: "அடிக்காதீங்க சார்... எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுக்கிடுதேன் சார்."

தவசிமுத்து நாற்காலியின் கையைப் பற்றினார். "அவன் குரலுதாம்மா."

அடுத்த வாசிப்புக்கான பொத்தானுக்குப் போன பெனிட்டாவின் விரல் நின்றது. திரையில் திட்டுகளின் ஓரங்கள் கரைந்திருந்தன. தடிமன் அளந்து பார்த்தாள். மூன்றே அணு. பூசியவன் மிச்சம் பிடித்திருக்கிறான். அத்தனை மெலிந்த படலத்தில் ஊடுகதிரின் சூடே காந்தத்தைக் கலைத்துவிடும்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ படிச்சா இது அழிஞ்சிரும்."

"அப்ப நிறுத்திருங்க. அதான் எல்லாரும் கேட்டோம்லா."

"ஒரு வாசிப்பு கோர்ட்ல செல்லாது. மூணும் ஒத்துப்போகணும். பாதியில விட்டா கேசு தள்ளுபடி."

"விதி எழுதுன குழுவுல சண்ட போட்டு அந்த விதிய வாங்குனதே மேடம்தான்," என்றார் கைலாசம். "ஒத்த வாசிப்ப வச்சு எவனையும் தூக்குல போட்டுரக் கூடாதுன்னு. நல்ல விதி."

"நீங்களும் இப்ப கேட்டீங்களே சார்?" என்றாள் பெனிட்டா.

"நான் கேட்டதுக்கு என்ன மதிப்பு? நான் மனுசன்தானே."

கதிரை முடிந்தமட்டும் தணித்தாள். இரண்டாம் வாசிப்பில் மழை போன்ற இரைச்சல். நடுவே ஒரு 'சார்'. மூன்றாவதில் எதுவுமில்லை. ஒத்துப்போகாதவை கருவிக் கோளாறு, கழித்துவிட்டு மேலும் படிக்க வேண்டும் என்பதும் அவள் எழுதிய விதிதான். நான்காவதிலும் ஐந்தாவதிலும் எதுவுமில்லை. கடைசி மூன்றும் ஒத்துப்போயின.

லாக்கப்பில் யாரும் கத்தவில்லை என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டதாக நீதிபதி தீர்ப்பு வாசித்தார். மூன்று வாசிப்புகள் இம்மி பிசகாமல் ஒத்துப்போனதை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லி, ஆய்வுக்கூடத்தைப் பாராட்டினார். பின்வரிசையில் பெனிட்டா தலை நிமிரவில்லை.

தவசிமுத்து எழுந்தார். "நான் கேட்டேன் அய்யா."

சாட்சிக் கூண்டை எப்போதோ பெயர்த்தெடுத்துவிட்டார்கள். எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார்.